துரை நனைத்த மெத்தை

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: தையல்காரர், அவர் மனைவி, மனைவியின் அண்ணன், பூனையைப் பார்க்க வந்த டாக்டரம்மா. அப்புறம் குற்றவாளி.

குற்றவாளியின் பெயர் துரை. பீரோ மேல் உட்கார்ந்து பின்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

"பாருங்கம்மா! மூலையில மணல் தொட்டி சும்மா கிடக்கு. அதை விட்டுட்டு இந்தக் கழுதை என் மெத்தையில வந்து..." மச்சானுக்கு மேலே பேச வரவில்லை.

"கழுதை இல்ல மச்சான். பூனை" என்றார் தையல்காரர் மெதுவாக. எதுவும் சரியாக இருக்க வேண்டும் அவருக்கு.

"என் அண்ணன் நாலு நாள் நிம்மதியா இருந்துட்டுப் போகலாம்னு வந்துச்சு. அதுக்கு இந்த கதி!" மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அந்த நாலு நாள் ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஜன்னலோரச் சாய்வு நாற்காலி மச்சானுக்கு. டிவி ரிமோட் மச்சானுக்கு. மீனில் நடுத்துண்டு மச்சானுக்கு. முள்ளைக்கூட அவர் உறிஞ்சிவிட்டுத்தான் துரைக்குப் போடுவார்.

"ஒரே பேச்சு மாப்பிள்ளை. ஒண்ணு இந்த வீட்டுல பூனை இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

'என்ன பேச்சு பேசுறீங்க' என்று யாராவது உடனே சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை.

கடைசியில் மனைவிதான் இருமினாள். "பூனையை எங்கண்ணே அனுப்புறது?"

"என் சிநேகிதன் அரிசிக் கிடங்கு வெச்சிருக்கான். எலி பிடிச்சுப் பிழைக்கட்டும். சாயங்காலம் சாக்கோட வரான்."

துரை எலி பிடிப்பதா? கரப்பான் பூச்சியைப் பார்த்தாலே பீரோ மேல் ஏறிக்கொள்ளும் துரையா? தையல்காரருக்கு மனசு கேட்கவில்லை.

எப்படிக் கேட்கும்? தப்பு துரையுடையதே இல்லை. ஒரு மத்தியானம் மச்சான் குளிக்கப் போன நேரத்தில், அந்த மெத்தையின் கால்மாட்டில் மூன்று விரற்கடை தையலைப் பிரித்து, துரையின் தொட்டியிலிருந்து பழைய மணல் இரண்டு பிடி உள்ளே போட்டு, பிரித்த சுவடே தெரியாமல் தைத்து வைத்தவர் தையல்காரர்தான். 'எப்போ கிளம்புறீங்க மச்சான்?' என்று கேட்க வாய் வராதவருக்குக் கைதானே துணை! துரைக்கு என்ன தெரியும்? தன் மணல் வாசம் எங்கே வருகிறதோ, அங்கே போய் உட்கார்ந்தது.

இப்போது எய்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அம்பு சாக்குக்குள் போகப் போகிறது.

டாக்டரம்மா துரையைக் கீழே இறக்கி வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "தொட்டியைச் சுத்தம் பண்றீங்களா?"

"ரெண்டு வேளையும் அள்ளிடுறேன்மா" என்றார் தையல்காரர்.

"அந்த மெத்தையைக் காட்டுங்க."

டாக்டரம்மா மெத்தையின் கால்மாட்டை அமுக்கினார். தலைமாட்டை அமுக்கினார். நறநறவென்றது. விரலை முகர்ந்து பார்த்தார். தையல்காரரைப் பார்த்தார். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவசரமாகத் திரும்பி, ஒழுங்காகத் தொங்கிய திரைச்சீலையை ஒழுங்குபடுத்தினாள்.

சாக்கு கண் முன்னால் வந்தது. இனிமேல் மறைக்கக் கூடாது என்று தையல்காரர் வாயைத் திறந்தார். "டாக்டரம்மா, அது வந்து..."

"நீங்க சும்மா இருங்க" என்றார் டாக்டரம்மா. "பூனைக்கு ஒரு நோயும் இல்ல. வீட்டுல புது ஆள் ஒருத்தர் கூடிட்டா சில பூனைகளுக்கு ஒத்துக்காது. அதுக்கு என்கிட்ட மருந்து கிடையாது."

"அப்ப நான்தான் நோயா?" மச்சான் குதித்து எழுந்தார்.

"நான் பூனையைப் பத்தித்தான் சொன்னேன்."

"போதும்மா, போதும்! பூனைக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டுல மனுஷனுக்கு இல்ல. இனி ஒரு நிமிஷம் தங்க மாட்டேன்!"

"போகாதேண்ணே! கோவிச்சுக்கிட்டுப் போகாதேண்ணே!" என்று கதறிய தங்கை, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அண்ணனுக்கு முன்னால் வாசலுக்கு ஓடினாள். டாக்டரம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு விடைபெற்றார்.

தையல்காரர் கத்தரிக்கோலோடு மெத்தைக்குப் போனார். தடயம் இருக்கக் கூடாது. கால்மாட்டைப் பிரித்தார். தன் இரண்டு பிடியையும் அள்ளித் தொட்டியில் கொட்டினார். தன் கையாலேயே அழகாகத் தைத்து மூடினார்.

அப்போதுதான் தலைமாட்டைக் கவனித்தார். அங்கேயும் ஒரு தையல். பச்சை நூல். கோழி கிளறியது போலக் கோணல் மாணலாக.

அவர் சட்டையில் பொத்தான் அறுந்தால் இந்த வீட்டில் ஒருத்திதான் இப்படித் தைத்துக் கொடுப்பாள். அவளுக்குத் தெரியாமல் அதைப் பிரித்து மறுபடி தைப்பது இத்தனை வருஷமாக அவருக்கு வழக்கம்.

பிரித்தார். மணல். அள்ளிப் பார்த்தார். மூன்று பிடி. அதுவும் தலைமாட்டில்!

வாசலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. அழுகை சுத்தமாக நின்றிருந்தது. "என்னங்க! அந்த மெத்தையைப் பிரிச்சுக் கிரிச்சு வெச்சுடாதீங்க! ஈரத்தை மட்டும் காய வெச்சு, சுருட்டிப் பரண்ல போடுங்க. அடுத்த வாரம் உங்க அக்கா நாலு நாள் தங்க வர்றாங்கல்ல?"

அக்கா என்றதும் தையல்காரர் கொஞ்சம் யோசித்தார். நாலு நாள் என்றால் நாலு நாள்தானா?

பச்சை நூலைத் தேடி எடுத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, கஷ்டப்பட்டுக் கோணலாகத் தைத்து மூடினார்.

மெத்தையில் மீதி, மூன்று பிடி.