பிஸ்கட் கேட்டால் சோப்பு

பையன் பிஸ்கட் பாட்டிலைக் கை காட்டினான். கடைக்காரர் துணி சோப்பை எடுத்து நீட்டினார்.

"பிஸ்கட் கேக்கறான் அண்ணே," என்றாள் அம்மா.

"அப்படியா? நான் சோப்புன்னு நினைச்சேன்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றரை வயதாகியும் பிள்ளை வாயிலிருந்து உருப்படியாக ஒரு சொல் வரவில்லையே என்று அவள் மருகிக்கொண்டிருக்கிறாள். இந்த ஆளுக்கு விளையாட்டு.

மறுநாள் விளக்குமாறு வந்தது.

"உங்களுக்குக் கண்ணு தெரியலையா அண்ணே?"

"நல்லாத் தெரியுதேம்மா."

மூன்றாம் நாள் பூட்டு. கடையே அதிரும்படி ஒரு ரகளை. பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே பேச்சுப் பயிற்சி டீச்சரிடம் போனாள்.

"பேச்சு வராத பிள்ளைன்னா ஆளாளுக்கு இளக்காரம். இனி அந்தக் கடைப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன் டீச்சர். பூட்டைக் கொடுக்கறார்! இவன் அதை விசிறிட்டு, 'இது இல்ல, பிக்கி, பிக்கி'ன்னு கத்தறான். நாலு பேர் முன்னாடி என் மானமே போச்சு."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்னன்னு கத்தினான்?"

"'இது இல்ல, பிக்கி'ன்னு..."

சொல்லும்போதுதான் அவளுக்கே உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். பையன் மேஜைக்கு அடியில் தன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"கேக்கறதை உடனே கொடுக்காதீங்க, வேற எதையாவது கொடுத்துட்டுக் கொஞ்சம் காத்திருங்கன்னு போன மாசமே சொன்னேன். நீங்களும் நோட்டுல தினமும் 'செய்தேன்'னு டிக் போட்டிருந்தீங்க."

"போட்டேன் டீச்சர். அவன் மூஞ்சி சுருங்கினா எனக்கு மனசு கேக்கல. ஒரு நாளும் செய்யல."

"போன வாரம் நோட்டைப் பார்த்ததுமே தெரிஞ்சுது. முப்பது டிக்கையும் ஒரே மூச்சில போட்டிருந்தீங்க. அதான் அந்தக் கடைக்காரர்கிட்டப் போய் நின்னேன்."

"அவர்கிட்டயா?"

"'அந்தம்மா உங்களைத் திட்டுவாங்களே'ன்னு கூட அவர்கிட்டச் சொன்னேன். 'திட்டட்டும் டீச்சர், அந்தப் பையன் என்னைத் திட்டற வரைக்கும் விடமாட்டேன்'னுட்டார்."