வராதவர் கொடுத்த புகார்

“கையும் களவுமாப் பிடிச்சுட்டேன் சார்! இந்தப் பொண்ணை இன்னைக்கே வேலையை விட்டு அனுப்புங்க.”

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. சூப்பர்வைசர் சிவராஜுக்கு மூச்சு வாங்கியது. மேனேஜர் மோகன்குமார் முன்னால், வருகைப் பதிவு பார்க்கும் சுகுணா தலைகுனிந்து நின்றாள்.

“என்னய்யா பண்ணா?”

“தினமும் காலையில திரையை அப்படியே படம் பிடிக்கிறா. அப்புறம் கறுப்பா ஒரு கட்டத்தைத் திறந்து ஏதோ ஒரு வரி தட்டுறா. படம் எங்கேயோ போய் ஒளிஞ்சுக்குது. செல்போன் கேமராவுக்கே கேட்ல ஸ்டிக்கர் ஒட்டுற கம்பெனி சார் இது!”

“என்னம்மா அது?”

“திரையில பிடிச்சு கிளிப்போர்டுல தற்காலிகமா இருக்கிற படத்தை ஃபைலா சேமிக்கிற கட்டளை சார். படம் சேமிக்கிற பெயிண்ட் புரோகிராமைத்தான் எல்லா கம்ப்யூட்டர்லயும் எடுத்துட்டாங்களே.”

“பார்த்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா!” சிவராஜுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

புகாரைப் பதிய, மோகன்குமார் கம்ப்யூட்டரில் சிவராஜின் எண்ணைத் தட்டினார். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது:

‘இவர் பன்னிரண்டு நாட்களாக வேலைக்கு வரவில்லை. வராதவர் புகார் கொடுக்க முடியாது.’

“நான் இங்கேதானே சார் நிக்கிறேன்!”

“எனக்குத் தெரியுதுய்யா. இதுக்குத் தெரியலையே!”

“நான் சேமிச்ச படத்தைக் காட்டட்டுமா சார்?” என்றாள் சுகுணா.

பன்னிரண்டு படங்கள். பன்னிரண்டிலும், முகம் பார்த்து வருகை பதியும் கேட் மெஷின் முன்னால் சிவராஜ். மொட்டைத் தலை, மழித்த மீசை. கீழே, ‘யாரென்று தெரியவில்லை.’

“திருப்பதி போய்ட்டு வந்ததுல இருந்து மெஷினுக்கு அண்ணனை அடையாளம் தெரியல சார். அடுத்த ஆள் வந்து நின்னா இந்தப் படமும் அழிஞ்சுடும். இப்படியே போனா அண்ணன் வேலை போயிடுமேன்னு பெங்களூரு ஹெட் ஆபீசுக்கு எழுதினேன். ‘வராதவர் வந்ததற்குப் பதினைந்து நாள் ஆதாரம் அனுப்பவும்’னு பதில் போட்டாங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டார் சிவராஜ்.

“ரெண்டு தடவை சொல்ல வந்தேன். ‘வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு’ன்னீங்களே அண்ணா.”

பிறகு அவள் மேனேஜரிடம் திரும்பினாள்.

“இன்னும் மூணு படம் வேணும் சார். அதுவரைக்கும் மட்டும் என்னை வேலையை விட்டு அனுப்பிடாதீங்க.”