பக்கத்துக் கட்டில்

மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டுத் தேர்வு வந்துவிட்டால் லாரி மெக்கானிக் சவரிராயனுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவருடைய இதய வால்வில் ஓர் அபூர்வமான இரைச்சல் உண்டு. மாணவர்கள் அதைக் கேட்டு நோயைச் சொல்ல வேண்டும். சென்ற தேர்வில் அவரிடம் வந்த மாணவி கயற்கண்ணி, நெஞ்சுக்குப் போகாமல் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதிலேயே நின்றுவிட்டாள்.

"எச்சில் முழுங்குங்கய்யா. இன்னொரு தடவ."

நேரம் முடிந்துவிட்டது. இதயத்தைப் பற்றி அவளால் பாதிதான் சொல்ல முடிந்தது. "கழுத்துல கட்டி இருக்கு சார், அதப் பாக்கணும்" என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னாள்.

பார்த்தார்கள். புற்றுநோய், ஆரம்ப நிலை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் திரும்பியதும் சவரிராயன் முதலில் விசாரித்தது அவளைத்தான். அந்தப் பெண் தேர்வில் தேறவில்லை என்றார் நர்ஸ்.

ஆறு மாதம் கழித்து மறுதேர்வு நடந்தபோது, யாரும் கூப்பிடாமலே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். ஆனால் யாருக்கு எந்த நோயாளி என்ற குலுக்கலில் கயற்கண்ணிக்கு விழுந்தது பக்கத்துக் கட்டில். அதில் ஒரு பெரியவர் மூச்சிரைக்க, சிடுசிடுவென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். அவள் கட்டிலுக்கு ஓரடி தள்ளியே நின்றாள்.

சவரிராயன் அவர் பக்கம் குனிந்தார். "அண்ணாச்சி, இந்தப் பிள்ள எத்தன தடவ கேட்டாலும் சலிக்காமச் சொல்லுங்க. நல்லாத் தொட்டுப் பாக்கட்டும். நான் உசுரோட இருக்கது அந்தக் கையாலதான்."

பெரியவர் அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போர்வையை விலக்கிவிட்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"வா தாயி."