ஓட்டுக்குள் ஒரு துடிப்பு

மிசோரிப் பண்ணைவீட்டு அடுக்களையில் திரைகளை இழுத்துவிட்டு, லோர்னா அடைமுட்டையை டார்ச் வெளிச்சத்தின் மேல் பிடிக்கிறாள். ஓடு செம்மஞ்சளாக ஒளிர்கிறது; உள்ளே மெல்லிய நரம்புகள், நடுவே துடிக்கும் ஒரு புள்ளி. மகளுக்கு வீடுதான் பள்ளிக்கூடம். வேதமும் விஞ்ஞானமும் ஒரே பாடம். "பாத்தியா திர்சா? அந்த இதயத்தத் துடிக்க வைக்கிறது கர்த்தர்தான்." ஆறு வயதுத் திர்சா அடுத்த முட்டையை நீட்டுகிறாள். அதில் நரம்பு தெரிகிறது, அசைவில்லை. லோர்னா திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "இத மட்டும் அவர் மறந்துட்டாராம்மா?" லோர்னாவின் கை தன் ஏழுமாத வயிற்றுக்குப் போகிறது. காலையிலிருந்து அங்கே ஓர் உதைகூட இல்லை. பிள்ளை தூங்குகிறது என்றே தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள். "சொல்லும்மா, மறந்துட்டாரா?" "தெரியலடி தங்கம்." லோர்னா முட்டையைக் கீழே வைக்கிறாள். "நீ ஓடிப்போய் அப்பாவ வண்டிய எடுக்கச் சொல்லு."