கசடு படியாத காகிதம்

நேற்று ஜாம் ஆகி நின்ற எஞ்சினிலிருந்து ஃபோர்மேன் சென்ட்ரிஃபியூஜைக் கழற்றுகிறார். எண்ணெயைச் சுழற்றி அழுக்கைச் சுவரோரம் அப்பவைக்கும் இரும்புக் கிண்ணம் அது. உள்ளே சுற்றிவைத்த காகிதத்தில் இந்த ஒரு மாதத்துக்கு விரல் தடிமன் கசடு ஏறியிருக்க வேண்டும். மூடியைத் திறந்தால், கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் காகிதம் மஞ்சளாகப் பளபளக்கிறது. கசடே இல்லை. மூடிக்கு அடியில் ரப்பர் வளையமும் இல்லை. வளையம் போடாமல் மூடினால் எண்ணெய் கசியும், கிண்ணம் சுற்றாது, அழுக்கெல்லாம் எஞ்சினுக்கே திரும்பும். வாசலில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி மேனேஜர் கேட்கிறார்: "கடைசியா மூடுனது யாரு?" காகிதம் வைத்து மூடுபவர் அதன் முதுகில் பென்சிலால் கையெழுத்துப் போடுவது இந்த ஷெட்டின் வழக்கம். ஃபோர்மேன் காகிதத்தை உரித்துத் திருப்புகிறார். வால் நீண்டு சுழித்த ஃபோர்மேனின் சொந்தக் கையெழுத்து. ஸ்பானரோடு பக்கத்தில் நிற்கும் ஆயில்மேனும் அதைப் படித்துவிடுகிறான். "இவன்தான் சார்," என்கிறார் ஃபோர்மேன். "தங்கச்சி புருஷனாச்சேன்னு மறைக்க எனக்கு மனசு வரலை." "இன்னையோட வேலையை விட்டு நிறுத்திடுங்க," என்று மேனேஜர் திரும்பி நடக்கிறார். "மச்சான்..." ஷெட்டுக்குள் ஆயில்மேன் இதுவரை ஃபோர்மேனை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஃபோர்மேன் காகிதத்தை நிதானமாகக் கசக்கி அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிடுகிறார். "போற வழியில இதைக் குப்பையில போட்டுடு மாப்ளே. பொண்டாட்டி புள்ளையோட என் வீட்டு மாடியிலதானே இருக்கே." அவன் போய்ப் போடுகிறான். திரும்பி வந்து கொடியில் தொங்கும் துணியை எடுத்துக் கையைத் துடைத்தபின், தினமும் செய்கிற பழக்கத்தில், சுத்தமான பக்கமாக மடித்து ஃபோர்மேனிடம் நீட்டுகிறான்.