மலை மேல் நம்ம ஊர்

கார்கிலில் இருந்து லீவில் வந்த சுடலைராஜ், பையோடு நேரே சந்தனமேரியின் வீட்டுக்குத்தான் போனான். அவள் மகன் ஆசீரும் அவனும் ஒரே படையில் சிப்பாய்கள். ஆசீரின் சவப்பெட்டி போன மாதமே வந்துவிட்டது. அதைத் திறக்க மட்டும் யாரும் விடவில்லை.

"பெரியம்மா, ஒயர்லெஸ்ல இந்தியில பேசுனா எதிரி ஒட்டுக் கேட்டுருதான். எங்க ஆபீசரும் குண்டு பட்டு விழுந்துட்டாரு. ஆசீர்தான் யாரையும் கேக்காம நம்ம ஊர்ப் பேச்சை ஆரம்பிச்சான். மலையில எடத்துக்கு எடம் நம்ம ஊர்ப் பேரா வச்சான்."

"என்ன பேருய்யா?"

"எதிரி பங்கருக்குத் தீப்பெட்டியாபீஸ். பள்ளத்துக்குக் கம்மாய். மேல இருந்து பாத்துட்டு, 'ஏலே, தீப்பெட்டியாபீசுக்குக் கெழக்க போடு'ம்பான். நான் கீழ பீரங்கிக்காரங்க பக்கத்துலயே நின்னு அவங்களுக்கு நேர்ல இந்தியில சொல்லுவேன். சொன்ன எடத்துல குண்டு விழும்."

அழுகைக்கு நடுவே சந்தனமேரிக்குச் சிரிப்பு வந்தது.

"இந்தி வரலேன்னு போன்ல அழுதவன் செஞ்ச வேலையப் பாரேன்! நம்ம வீடு எதுய்யா?"

சுடலைராஜ் செம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடித்தான். காலியான பிறகும் செம்பைக் கீழே இறக்கவில்லை.

"கடைசியா என்னய்யா சொன்னான்?"

"வீட்டைப் பத்தித்தான் பேசுனான் பெரியம்மா."

"வீட்டு நெனப்பாவே போயிருக்கானே எம்புள்ள!" அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ஆசீர் பதுங்கியிருந்த பாறைக்குத்தான் 'எங்க வீடு' என்று பெயர். எதிரிகள் அதைச் சுற்றி வளைத்ததும் அவன் சொன்னது சுடலைராஜின் காதைவிட்டு இன்னும் போகவில்லை.

"ஏலே சுடலை, எங்க வீட்டு மேல போடுலே!"