பச்சைக் கோடு

மார்ச் பதினொன்றாம் தேதி காலை ஆற்றோரச் சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்து, அதை ஓட்டுபவர் இறந்தார். உடல் ஏணியின் அடியில் கிடந்தது.

சேஃப்டி வால்வைக் கம்பியால் கட்டிவிட்டு ஏணியில் இறங்கும்போது வெடித்தது என்றார் முதலாளி.

ஆவி மிஞ்சினால் தானே திறந்து வெளியே விட வேண்டிய வால்வு அது. கட்டிவைத்தால் ஆவி வீணாகாது, வேலை சீக்கிரம் முடியும். அதற்காகக் கட்டுகிறவர்களும் உண்டு.

"அவர் கட்டலை. துருப்பிடிச்சுத் திறக்காமப் போயிருக்கு" என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

விசாரணைக்கு முந்தின நாள்தான் தெரிந்தது, இடிபாடுகளை முதலாளி அவசரமாக அள்ளி விற்றுவிட்டார் என்று. அவள் தம்பியை இழுத்துக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனாள்.

வால்வு கிடைத்தால் எடுத்துப் போகச் சாக்கு கொண்டுவந்திருந்தார்கள். சைக்கிள் கேரியரில் தம்பி கம்பியால் கட்டியிருந்ததை அவள் அவிழ்க்கப் பார்த்தாள். கம்பி இன்னும் இறுகியது. தம்பி வந்து ஒரே திருப்பில் அவிழ்த்தான்.

'உன் தம்பி கட்டினதை அவிழ்க்கணும்னா கண்ணாடியிலதான் பார்க்கணும்' என்பார் கணவர். துணிக்கொடி முதல் கோழிக்கூண்டு வரை வீட்டில் அந்தக் கேலி ஓடும்.

தம்பிக்கும் அதே பாய்லர்தான். இரவு ஷிப்டு அவனுடையது. காலையில் மாமா வந்ததும் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினான். அவன் வீடு சேருமுன் வெடித்தது. "நான் விட்டுட்டு வரும்போது எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்று போலீஸிடம் சொல்லியிருந்தான்.

கடைக்காரர் லாரியைக் காட்டினார்.

"ஏத்தி முடிச்சதும் உலைக்குப் போயிடும்மா. அதுக்குள்ள தேடிக்கோ. இங்க வந்துட்டா எல்லாமே வெறும் இரும்பு. பேரும் கிடையாது, ஊரும் கிடையாது."

பல் உடைந்த சக்கரங்கள். பம்புக் கூடுகள். எந்த எந்திரத்துடையது என்று சொல்ல முடியாத தண்டுகள். கிரேனின் கொக்கி இறங்கி ஒவ்வொரு பிடியாக லாரிக்கு எடுத்துப் போனது.

வால்வுகள் மட்டுமே ஒரு மூலை நிறையக் கிடந்தன. எல்லாமே ஒரே மாதிரி: பித்தளை உடல், மேலே நீட்டிய இரும்புக் கை, கையின் நுனியில் ஒரு எடைக்குண்டு.

அவள் பச்சையைத் தேடினாள்.

வீட்டுக் கதவுக்கு வாங்கிய பெயின்டில் கொஞ்சம் எடுத்துப் போய், கையும் குண்டும் சேரும் இடத்தில் அவர் ஒரு கோடு இழுத்திருந்தார். ஆவியின் அழுத்தத்தைக் கூட்ட யாராவது குண்டை நகர்த்தினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அவர் எடுத்துப் போனதால் கதவின் அடிப்பாகம் இன்றுவரை வெறும் மரமாக நிற்கிறது. அதற்கு ஒரு வாரம் திட்டியிருந்தாள்.

"இது இல்லக்கா." தம்பி ஒவ்வொன்றாகப் புரட்டித் தள்ளினான். "இதுவும் இல்ல."

அவன் தள்ளியவற்றில் ஒன்று உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது.

பச்சை.

குனிந்து சேலை முனையால் துடைத்தாள். கோடு உடையாமல் நேராக இருந்தது. ஒரு கணம் மூச்சு இலகுவாக வந்தது.

புரட்டினாள். இரும்புக் கை அசைய முடியாதபடி வால்வின் உடலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. புகையில் கறுத்த கட்டுக்கம்பி. மூன்று சுற்று.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி பக்கத்தில் வந்து குனிந்தான். குரல் காற்றாகத்தான் வந்தது.

"விட்டுடுக்கா. லாரியோட போகட்டும். இது வெளிய வந்தா மாமா பேருதான் கெடும்."

கொக்கி மறுபடி இறங்கியது. வால்வைக் கையால் தள்ளினாள், கொக்கி இருந்த பக்கமாக.

"இரும்மா, இரு." கடைக்காரர் குறடோடு ஓடி வந்தார். "பித்தளையைக் கழட்டாம அனுப்பினா என் பொண்டாட்டி என்னையும் சேர்த்து உலைக்கு அனுப்பிடுவா."

கம்பியின் முறுக்கைக் குறட்டில் பிடித்துத் திருப்பினார். கம்பி அவிழவில்லை. இன்னும் இறுகியது. மறுபடி திருப்பினார். மறுபடி இறுகியது.

"எவன் கட்டினான் இதை? உலகமே ஒரு பக்கம் முறுக்கினா இவன் ஒரு பக்கம் முறுக்கியிருக்கான்."

அவள் நிமிர்ந்து தம்பியின் இடது கையைப் பார்த்தாள். அவன் அதைச் சட்டைப் பையில் நுழைக்கப் பார்த்தான். பை சின்னது.

"அவிழ்க்காதீங்க" என்றாள் கடைக்காரரிடம். "அப்படியே குடுங்க."

"அக்கா..."

"தூக்குடா."

லாரி கிளம்பிப் போகும்வரை அவன் நின்றுகொண்டிருந்தான். பிறகு குனிந்தான்.

மறுநாள் காலை வால்வு விசாரணை மேசைக்கு வந்தது, கம்பி அவிழாமல். கொண்டுவந்து வைத்தவன் தம்பி. அவனிடம் இரண்டாவது வாக்குமூலம் வாங்கினார்கள்.

அறிக்கையில் ஒரு வரி திருத்தப்பட்டது. 'கட்டிவிட்டு ஏணியில் இறங்கும்போது' என்று இருந்தது, 'அவிழ்க்க ஏணியில் ஏறும்போது' என்று ஆனது.